குனிந்து கொழுந்து எடுத்த நாடகம்

இருபத்தெட்டு வருஷம் நாடக மேடையின் ஓரத்தில் நின்றவன் நான். கையில் ஸ்கிரிப்ட் கொப்பி இருக்கும். வசனம் மறந்தவருக்கு அடி எடுத்துக் கொடுப்பேன், என்ட்ரி சொல்வேன், ரிகர்சலில் நெறியாளர் மாற்றியதையெல்லாம் கொப்பியில் குறித்து வைப்பேன், முடிந்ததும் சாமான்களைச் சரிபார்த்து லொறியில் ஏற்றுவேன். இதற்கு பிராம்ப்டர் என்று பெயர். மரியாதையாகக் கூப்பிட நினைப்பவர்கள் மேடை முகாமையாளர் என்பார்கள். சம்பளத்துக்கு ஹட்டனில் ஒரு புடவைக்கடையில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நாடகத்துக்கு.

இந்தத் தொழிலில் நான் பார்த்த வேடிக்கைகளை எழுதச் சொல்கிறார்கள். தாடி ஒட்டாமல் ராஜா மேடைக்கு வந்த கதை, கரண்ட் போய் டோர்ச் வெளிச்சத்தில் நாடகம் முடிந்த கதை எல்லாம் என்னிடம் நிறைய உண்டு. அதையெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்லப்போவது நாலைந்து வருஷத்துக்கு முன் நடந்த ஒரு காரியம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பொறுமையாக எழுத முடியுமா தெரியவில்லை, பார்க்கிறேன்.

முதல் நாள் ரிகர்சல்

அந்த வருஷம் எங்கள் குழுவுக்கு வெளியிலிருந்து ஒரு நெறியாளர் வந்தார். ரவீந்திரன் சார். கிழக்கே வயல் சூழ்ந்த ஊர்க்காரர், பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர். திறமைசாலிதான், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஒரு வெள்ளைத் துணியையும் நாலு தகரப் பேணியையும் வைத்து மேடையில் மழை பெய்ய வைத்தவர் அவர். தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி ஒரு நாடகம், போட்டிக்குப் போடுவோம் என்றார். எங்களுக்கும் சந்தோஷம்.

ஆறு பெண்கள் நடித்தார்கள். ஆறு பேரும் தோட்டத்துப் பிள்ளைகள்தான், ஆனால் ஐந்து பேர் படித்து ஆசிரியையாகவோ கடையில் வேலைக்கோ போய்விட்டவர்கள். மலையில் ஏறிக் கொழுந்து எடுக்கிறவள் ஒருத்திதான். புஷ்பராணி. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம், நாற்பது வயது தாண்டியவள். எங்கள் குழுவில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை கூட்டத்தில் நிற்கிற பாகம்தான். இந்த நாடகத்தில் முதல் முறையாகப் பெரிய பாகம் கிடைத்தது.

முதல் நாள் சார், "எல்லாரும் கொழுந்து எடுங்க பாப்பம்" என்றார்.

புஷ்பராணி நின்றாள். கழுத்தைக் கொஞ்சம் முன்னே கொடுத்து, இல்லாத செடியின் மேல் இரண்டு கையையும் ஓடவிட்டு, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டாள். மற்ற ஐந்து பேரும் அவளைப் பார்த்துச் செய்தார்கள். பார்க்க அத்தனை நன்றாக இருந்தது.

சாருக்குப் பிடிக்கவில்லை. "இதில கஷ்டமே தெரியலையே. சும்மா நிக்கிற மாதிரி இருக்கு. குனியுங்க" என்றார். எவ்வளவு குனிய வேண்டும் என்று ஓர் ஆசிரியை கேட்டாள். முதுகு தரைக்குச் சமமாகத் தட்டையாக வர வேண்டும் என்று அவரே குனிந்து காட்டினார். இடுப்பில் இரண்டாக மடிந்து, கையைக் காலடிக்குக் கொண்டு போய்ப் பறித்துப் பறித்து நகர்ந்தார்.

அவர் காட்டியது வயலில் நாற்று நடுகிற குனிவு. சின்ன வயதிலிருந்து அவர் பார்த்த வேலை அது. வேலை என்றால் முதுகு வளையும் என்பது அவர் கண்ணில் பதிந்துபோயிருந்தது.

புஷ்பராணி சிரித்துவிட்டு, பணிவாகத்தான் சொன்னாள். செடி இடுப்பு உயரம், கீழே பறிப்பதற்கு ஒன்றும் இல்லை. கூடையின் கயிறு தலையில் இருக்கிறது, கூடை முதுகில் தொங்குகிறது. இப்படி மடிந்தால் கயிறு நழுவும், எடுத்த கொழுந்து முழுவதும் தலை வழியாகக் கொட்டும். கவ்வாத்து வெட்டித் தளிர்த்த மலையில் செடி தாழ்ந்திருக்கும், அங்கே கொஞ்சம் குனிவோம், அதுவும் இவ்வளவு இல்லை என்றாள்.

சார் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்றது மலைக்குச் சரி. இது மேடை. எனக்கு ஒரு படிமம் வேணும். இருநூறு வருசமா வளைஞ்ச முதுகு. கடைசிக் காட்சியில பறை அடிக்க அடிக்க அது நிமிரும். முதல்ல குனியாட்டி கடைசியில என்னத்தை நிமிர்த்துறது?"

"நாங்க நிமிந்துதான சார் நிக்கிறோம். நின்னே தான சாகுறோம்" என்றாள் புஷ்பராணி.

மற்ற ஐந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. 'ஆறு பேரும் குனிதல்' என்று கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவன். என் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டு அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு மலைக்குப் போன எனக்கு, கொழுந்து எப்படி எடுப்பார்கள் என்று சாரைவிட நன்றாகத் தெரியும். 'அவர் நெறியாளர், அவர் பார்த்துக்கொள்வார்' என்று இருந்துவிட்டேன். அதற்குத் தொழில் ஒழுக்கம் என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

கழுத்து

மூன்றாவது ஞாயிறு சார் எல்லாருக்கும் ஒரு பயிற்சி கொடுத்தார். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் பெண், வசனம் இல்லை, ஐந்து நிமிஷம். ஆளுக்கொன்று செய்து காட்ட வேண்டும். ஒருத்தி களைத்து விழுந்தாள். ஒருத்தி குடிகாரப் புருஷனோடு சண்டை பிடித்தாள். எல்லாம் பார்த்துப் பழகியதுதான்.

புஷ்பராணி வந்தாள். தலையிலிருந்த கயிற்றை எடுத்துக் கூடையை இறக்கினாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்தாள். அடுப்பு மூட்டினாள், தேத்தண்ணி ஊற்றினாள், சோறு போட்டாள். அவ்வளவுதான். ஆனால் கயிற்றை எடுத்த பிறகும் அவள் கழுத்து அசையவே இல்லை. காலையிலிருந்து பாரம் இழுத்த கழுத்து அப்படியே விறைத்து நின்றது. கீழே கிடந்த விறகைப் பார்க்கக் கழுத்தைத் தாழ்த்தாமல் முழங்காலை மடித்து இறங்கினாள். பின்னாலிருந்து பிள்ளை கூப்பிடுகிறது என்று காட்ட, தலையைத் திருப்பாமல் காலை மாற்றி வைத்து முழு உடம்போடும் திரும்பினாள்.

என் அம்மா அப்படித்தான் திரும்புவாள். வீட்டில் எங்கே நின்று கூப்பிட்டாலும் அலமாரியை நகர்த்துவது போல ஆளே திரும்ப வேண்டும். அது அம்மாவின் பழக்கம் என்று நினைத்திருந்தேனே தவிர, அது கயிறு செய்த வேலை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கொப்பியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சார் எழுந்து நின்று கை தட்டினார். இதை நாடகத்தில் வைப்போம் என்றார். மூன்றாம் காட்சிக்குப் பின்னால் எழுதிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து வெட்டச் சொன்னார். காரணம் கேட்டீர்கள் என்றால் உங்களுக்கும் கோபம் வரும். "பின் வரிசைக்குத் தெரியாது அண்ணே. அதோட நாடகம் முழுக்கக் குனிஞ்சு நிக்கிற பொம்பிளை வீட்டுக்கு வந்து கழுத்து வளையாம நிக்கிறா எண்டா லொஜிக் உதைக்குது."

உதைத்தது உண்மைதான். குனியச் சொன்னதே பொய். அந்தப் பொய்யோடு ஒத்துப்போகவில்லை என்று நாடகத்தில் இருந்த ஒரே நிஜத்தை எடுத்தாகிவிட்டது. அடியுங்கள் அண்ணே என்றார். என் பென்சிலால் நான்தான் அடித்தேன்.

புஷ்பராணி அன்று விடவில்லை. குனிவதை எடுத்துவிட்டுக் கழுத்தை வையுங்கள், கடைசியில் நிமிர்வதற்குப் பதிலாகக் கழுத்து திரும்பட்டும், நான் செய்து காட்டுகிறேன் என்றாள். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு நல்ல முடிவு அது. ஒரு நெறியாளருக்கு நடிகையிடமிருந்து இப்படி ஒன்று கிடைக்க வேண்டுமானால் அதிர்ஷ்டம் செய்திருக்க வேண்டும். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு நாடகத்துக்கு ஒரு நெறியாளர்தான் இருக்க முடியும் என்றார். கஷ்டமாக இருந்தால் சொல்லுங்கள், கொழும்பிலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டி வருகிறேன் என்றும் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவளோடு நடந்து போய்ச் சமாதானம் பேசியவனும் நான்தான். போட்டிக்கு மட்டும் அனுசரித்துப் போ தங்கச்சி, பெரிய பாகம், கையை விட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது என்றேன். பிறகு, "சரிண்ணே. எங்க தோட்டத்துல போடுறப்ப பாத்துக்கலாம்" என்றாள்.

அந்த நாடகத்தை அவள் தோட்டத்தில் போட வேண்டும் என்பதில்தான் அவள் உயிரே இருந்தது. நாடகத்துக்குப் போகிறாள் என்று லயத்தில் அவளைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. அவளோ மலையில் பக்கத்து நிரைப் பெண்களிடமெல்லாம், "நம்ம வேலைய உள்ளபடி காட்டுறேன், வந்து பாருங்கடி" என்று சொல்லி வைத்திருந்தாள்.

பரிசு

போட்டியில் ஆறு முதுகுகளும் மேடையில் வரிசையாக வளைந்து நின்றன. மூங்கில் கூடைகள் மேடைச் சாமான், உள்ளே ஒன்றும் இல்லை. அதனால் ஒன்றும் கொட்டவில்லை. தலைக்கயிறு நழுவாமலிருக்க ஊசி குத்திவிட்டேன், அந்த யோசனையும் என்னுடையதே. கடைசியில் பறை அடிக்க ஆறு பேரும் அங்குலம் அங்குலமாக நிமிர்ந்தார்கள். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. நடுவர்கள் எல்லாரும் கதிரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். சிறந்த நெறியாள்கை என்று சாருக்குப் பரிசு கிடைத்தது. புஷ்பராணியின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

சொந்தத் தோட்டம்

அடுத்த மாதம் அவள் தோட்டத்துக் கோயில் கமிட்டி கூப்பிட்டது. ஞாயிறு பின்னேரம், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் உள்ள மைதானத்தில் போட வேண்டும். அதற்கு முந்திய ஞாயிறு ரிகர்சலில் புஷ்பராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அங்க மட்டும் குனிய வேணாம்ணு சார்கிட்ட சொல்லுங்க. கழுத்து சீன வைக்கச் சொல்லுங்க. அங்க இருக்குறது பூராவும் கொழுந்து எடுக்குற சனம். குனிஞ்சேன்னா என்னய உண்டு இல்லன்னு ஆக்கிருவாளுங்க. நான் கேட்டா எதுத்துப் பேசுறேன்னு நெனைப்பாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நேரே சாரிடம் போனேன். அவர் டெலிபோனில் இருந்தார். கொழும்பில் ஒரு நாடக விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேசி முடித்ததும் என் தோளில் கை போட்டு, "நீங்க இல்லாட்டி இந்த நாடகம் இல்லை அண்ணே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் குளிர்ந்து போனேன். சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் இதை ஏன் இப்போது கிளப்ப வேண்டும் என்று தோன்றியது. நாளைக்குப் பேசலாம் என்று வந்துவிட்டேன். நாளைக்கும் பேசவில்லை.

அந்த வாரம் புஷ்பராணி டெலிபோனில் கோல் எடுத்துக் கேட்டபோது, "கேட்டேன் தங்கச்சி, ஒத்துக்கல" என்றேன்.

பச்சைப் பொய். வாய் கூசாமல் சொன்னேன்.

ஞாயிறு மைதானம் நிறைந்திருந்தது. புஷ்பராணியின் பக்கத்து நிரைப் பெண்கள் முன்னால் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேரும் கூடையோடு வந்து வரிசையில் குனிந்தார்கள். முதலில் பிள்ளைகள் சிரித்தன. பிறகு முன் வரிசையில் ஒருத்தி, "அடியே புஷ்பம், கீரையா புடுங்குற" என்று கேட்டாள். மைதானமே சிரித்தது. "இப்புடி எடுத்தா கங்காணி அரைப்பேருதான் போடுவாரு, அரைநாள் சம்பளந்தான்" என்று பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. அதற்குப் பிறகு எது செய்தாலும் சிரிப்புதான். அழுகிற காட்சிக்கும் சிரித்தார்கள். சார் உயிராக நினைத்த கடைசிக் காட்சியில் பறை அடிக்க முதுகுகள் நிமிர்ந்தபோது, "அப்பாடா, இடுப்புப் புடிப்பு வுட்டுருச்சு" என்று யாரோ சொல்ல, விசில் பறந்தது.

அந்தச் சனத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. சிரிப்பு நாடகம் என்றே நினைத்துவிட்டார்கள். முடிந்ததும் பெண்கள் வந்து புஷ்பராணியின் கையைப் பிடித்து, வயிறு வலிக்கச் சிரித்தோம், இதே மாதிரி வருஷா வருஷம் போடு என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் நாலு அறை அறைந்திருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

பிள்ளைக்காம்பராவுக்குள்தான் உடை மாற்றும் இடம். சார் உள்ளே வந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தோம். கத்தவில்லை. ஒரு சின்ன பெஞ்சில் உட்கார்ந்தார். ஆள் இடிந்துபோயிருந்தார்.

"உங்கட ஆக்கள் சிரிப்பாங்க எண்டு உங்களுக்குத் தெரியும்தானே புஷ்பராணி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இங்க மட்டுமாவது மாத்தியிருப்பனே."

புஷ்பராணி என்னைப் பார்த்தாள். நான் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். நான் சொல்வேன் என்று அவள் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. ஏற்கெனவே அடுக்கிய கூடையை எடுத்து மறுபடி அடுக்கினேன்.

"சொல்லத் தோணல சார்" என்றாள் அவள்.

என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு அவள் காட்டிக் கொடுத்திருந்தால் அவமானப்பட்டு அழுதுவிட்டு ஒரு வாரத்தில் தேறியிருப்பேன்.

லொறியில் சாமான் ஏற்றும்போது அவள் வெளியே வந்தாள். மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். சத்தம் போடாமல்தான் பேசினாள்.

"அவருக்குத் தெரியாதுண்ணே. வயக்காட்டுல பொறந்தவரு, அவரு பாத்தது அம்புட்டுத்தான். ஒங்க அம்மா கொழுந்து எடுத்தவங்க. ஒங்களுக்குத் தெரியும்ல."

லயத்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு

கொழும்பு விழாவுக்கு அவள் வரவில்லை. வேறொரு பிள்ளை அந்தப் பாகத்தைச் செய்தது. முதுகு நன்றாக வளைந்தது, பத்திரிகையில் படமும் வந்தது. நானும் போனேன், கொப்பியோடு ஓரத்தில் நின்றேன். வெட்கம் கெட்டவன் என்று நீங்கள் நினைத்தால் மறுக்க மாட்டேன். அங்கே வைத்துத்தான் இரண்டாவது காட்சியின்போது இனி வாயை மூடிக்கொண்டு நிற்கிற இந்த வேலை வேண்டாம் என்று முடிவெடுத்தேன், அந்த நாடகத்தோடு அந்தக் குழுவை விட்டும்விட்டேன். பிறகு வேறு குழுக்கள் கூப்பிட்டபோது, ரிகர்சலில் எனக்கும் பேச அனுமதி உண்டென்றால் வருகிறேன் என்று சொல்லித்தான் போகிறேன். சில நெறியாளர்களுக்கு என்னைப் பிடிப்பதில்லை. நல்லது.

புஷ்பராணியை இரண்டு நாடகங்களுக்குக் கூப்பிட்டேன். இரண்டு தடவையும் மலையில் வேலை இருக்கிறது அண்ணே என்றாள். மரியாதையாகத்தான் சொல்கிறாள். அந்தக் கழுத்துக் காட்சியைப் பார்த்தவர்கள் அந்த ரிகர்சல் அறையிலிருந்த எங்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இல்லை. அவள் யாருக்குக் காட்ட ஆசைப்பட்டாளோ அவர்கள் பார்க்கவே இல்லை.

ரவீந்திரன் சார் மேல் எனக்குக் கோபம் உண்டு. கைக்கு வந்ததைத் தட்டிவிட்டார், கேட்டவளைப் பயமுறுத்தினார். ஆனாலும் அவர் தெரியாமல் செய்தார். நான் எல்லாம் தெரிந்து, குறித்துக்கொண்டு, ஊசி குத்தி, பொய்யும் சொன்னேன். மேடைக்கு வெளியே நிற்கிற ஆளுக்கு இதில் என்ன வேலை என்று எத்தனையோ நாடகங்களில் நினைத்திருக்கிறேன். நெறியாளரும் நடிகையும் மோதும்போது நமக்கேன் வம்பு என்று நடுவில் நிற்கிறவன் நடுவில் நிற்பதில்லை, பலம் உள்ளவர் பக்கம்தான் நிற்கிறான். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதை என் செலவில் கற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை அவர் தப்பாகச் செய்யச் சொன்னால், அன்றைக்கே, எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். கேட்பதும் கேட்காததும் அவர் பாடு.

சாரிடம் நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா என்று பல நாள் என்னையே கேட்டிருக்கிறேன். கேட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். ஆனால் அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்து அவர் பேசியதை நான் என் காதால் கேட்டேன். கேட்டிருப்பார்.